கடனையும் கடனையும் பெருக்குனா எப்படி மிஸ் வரவு ஆகும்? டீச்சிங் பிராக்டீஸ்ல மாட்டிக்கிட்டு முழிக்கிறேன்

பயிற்சி_டீச்சர்_விழுப்புரம்:

வணக்கம் எல்லாருக்கும். பி.எட் ரெண்டாவது வருஷம், மேத்ஸ். இப்போ 16 வாரம் இன்டர்ன்ஷிப் ஓடிட்டிருக்கு, விழுப்புரம் பக்கத்துல ஒரு உயர்நிலைப் பள்ளி, எனக்கு 7ஆம் வகுப்பும் 9ஆம் வகுப்பும் குடுத்திருக்காங்க. முதல் வாரம் அப்சர்வேஷன், கடைசி பெஞ்சுல உக்காந்து கைடு டீச்சர் எடுக்கறத பாத்து ரெக்கார்டுல எழுதறது, அது ஜாலியா போச்சு. ரெண்டாவது வாரத்துல இருந்து நானே எடுக்கணும், அங்கதான் ஆரம்பிச்சுது.

ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன், எனக்கு கணக்கு வராதுன்னு இல்ல. பி.எஸ்சியில ரியல் அனாலிசிஸ், அல்ஜீப்ரா எல்லாம் நல்ல மார்க்தான். ஆனா 46 பிள்ளைங்க முன்னாடி நின்னா ஏழெட்டு எவ்வளவுன்னு எனக்கே சந்தேகம் வருது. நிஜமாதான் சொல்றேன், போன செவ்வாய்க்கிழமை போர்டுல 54னு எழுதிட்டேன், மூணாவது பெஞ்சுல ஒருத்தன் "மிஸ் 56 மிஸ்"ங்கறான், கிளாஸே சிரிச்சுடுச்சு, நான் திரும்பிக்கிட்டு அழிக்கறேன், அழிச்சதுக்கு அப்புறமும் சும்மா அழிச்சுக்கிட்டே நிக்கறேன், திரும்பி அவங்க மூஞ்சிய பாக்க பயமா இருந்துச்சு.

இத விட மோசம் அடுத்த நாள். முழுக்கள் பாடம். கூட்டல் கழித்தலுக்கு வரவுன்னா ப்ளஸ், கடன்னா மைனஸ்னு சொல்லிக் குடுத்திருந்தேன், அது நல்லா பிடிச்சுக்கிட்டாங்க, கையில 5 ரூபா இருக்கு கடைக்காரர்கிட்ட 8 ரூபா கடன் இருக்குன்னா கோரஸா மைனஸ் 3ன்னு கத்துவாங்க. எனக்கும் கொஞ்சம் தெம்பா இருந்துச்சு. அப்புறம் பெருக்கல். (-3) × (-4) = 12 எழுதினேன். ஜன்னலோரம் உக்காந்திருக்கற ஒரு பொண்ணு, அதிகம் பேசாத பொண்ணு, எந்திரிச்சு "மிஸ், கடனையும் கடனையும் பெருக்குனா எப்படி மிஸ் வரவு ஆகும்? அப்படின்னா எங்க வீட்டுல நாங்க பணக்காரங்க ஆயிருக்கணுமே"ன்னு கேட்டுச்சு. கிண்டலா கேக்கல, சீரியஸாதான் கேட்டுச்சு.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது ரூல்மா, மனப்பாடம் பண்ணிக்கோ." அவ்வளவுதான். பொண்ணு சரி மிஸ்னு உக்காந்துடுச்சு. அது உக்காந்த விதம் இருக்கே, அதான் ரெண்டு நாளா தூங்க விடல. ஏன்னா உண்மையிலேயே எனக்கு பதில் தெரியல. எம்.எஸ்சி என்ட்ரன்ஸ் வரைக்கும் படிச்சிருக்கேன், மைனஸ் இன்ட்டு மைனஸ் ஏன் ப்ளஸ்னு ஒரு நாள் கூட நான் கேட்டுக்கிட்டதில்ல.

கைடு டீச்சர் ரெக்கார்டுல "குரல் போதாது, கரும்பலகையைப் பார்த்தே பேசுகிறார்"னு எழுதியிருக்காங்க. வீட்டுல அம்மா பேசாம பேங்க் எக்ஸாம் எழுதுங்கறாங்க. இந்த கான்ஃபிடன்ஸ் எல்லாம் தானா வருமா, இல்ல சிலருக்கு வரவே வராதா? இப்போ இருக்கறவங்க ஆரம்பத்துல எப்படி இருந்தீங்க, உண்மைய சொல்லுங்க ப்ளீஸ்.

தூள்_சாக்பீஸ்:

வணக்கம்மா. பட்டதாரி ஆசிரியரா 14 வருஷம், மேத்ஸ்தான். 54 எழுதினத மறந்துடுங்க, எனக்கு இன்னும் மாசத்துக்கு ஒரு தடவை நடக்குது. அந்தப் பொண்ணு கேட்டத மட்டும் மறந்துடாதீங்க.

அந்தக் கேள்வி ஏன் வந்துச்சுன்னு யோசிச்சீங்களா? நீங்க கடன் வரவுன்னு சொல்லிக் குடுத்தது நல்லா போய் சேர்ந்ததாலதான் வந்துச்சு. புரியாத பிள்ளை கேக்கவே கேக்காது, எழுதிக்கிட்டு போயிடும். நீங்க சொன்ன உதாரணத்தையே எடுத்து உங்களையே மடக்கியிருக்கா, அவ்வளவு நல்லா கேட்டிருக்கா. என்ன பிரச்சனைன்னா அந்த உதாரணம் கூட்டலுக்கு ஓடும், பெருக்கலுக்கு வந்தா நொண்டும், ஏன்னா பெருக்கல்ல ரெண்டு நம்பருக்கும் ஒரே வேலை இல்ல. ஒண்ணு கடன், இன்னொண்ணு எத்தனை தடவை. கடனை கடனால யாரும் பெருக்கறதில்ல. 4 ரூபா கடன் 3 பேர்கிட்ட வாங்கினா 3 × (-4), அது -12. அந்த மூணு கடனையும் எடுத்து விட்டுட்டாங்கன்னா? அதான் (-3) × (-4). 2021ல கூட்டுறவு பேங்க்ல 5 பவுன் வரைக்கும் நகைக்கடன் தள்ளுபடி அறிவிச்சாங்கல்ல, உங்க கிளாஸ்லயே அந்த வீட்டுப் பிள்ளைங்க இருப்பாங்க. முதல் மைனஸ்னா தள்ளுபடி. கடன் தள்ளுபடி ஆனா கையில காசு வந்த மாதிரிதானே. நான் இப்படித்தான் சொல்றேன், ஏழாவது பிள்ளைங்களுக்கு டக்குனு ஏறிடும்.

இன்னொரு வழி, எதுவுமே சொல்லாம போர்டுல இத மட்டும் ஒண்ணுக்கு கீழ ஒண்ணா எழுதுங்க.
3 × (-4) = -12
2 × (-4) = -8
1 × (-4) = -4
0 × (-4) = 0
அப்புறம் (-1) × (-4) = னு போட்டுட்டு சாக்பீஸ கீழ வச்சிடுங்க. ஒவ்வொரு வரிக்கும் நாலு நாலா ஏறுதுன்னு அவங்களே பாத்து அடுத்தது 4ன்னு சொல்லிடுவாங்க. நீங்க சொல்லாதீங்க, அவங்க சொல்லட்டும்.

உங்களுக்காக ஒண்ணு, இது கிளாஸுக்கு வேணாம், நீங்க தெளிவா இருக்கறதுக்கு. 4 + (-4) பூஜ்யம். அத -3ஆல பெருக்கினாலும் பூஜ்யம்தான். இப்போ பங்கீட்டுப் பண்பு போட்டு பிரிச்சா (-3) × 4, அதாவது -12, கூட (-3) × (-4). ரெண்டும் சேர்ந்து பூஜ்யம் ஆகணும்னா ரெண்டாவது 12ஆதான் இருக்கணும், வேற வழியே இல்ல. பழைய கணக்கு எதுவும் உடையக் கூடாதுன்னா இப்படித்தான் வச்சாகணும், அதான் நேர்மையான பதில். நீங்க பி.எஸ்சியில ரிங் தியரின்னு இதத்தான் படிச்சிருக்கீங்க, ஆனா அதுவும் 7ஆம் வகுப்பும் ஒண்ணுன்னு நமக்கு யாரும் சொல்றதில்ல, எனக்கும் யாரும் சொல்லல.

இன்னொண்ணு, அந்தப் பொண்ணுகிட்ட இத சொல்லுங்க, சந்தோஷப்படும். பிரம்மகுப்தர் 628ல இந்த விதிய எழுதும்போது ப்ளஸ் மைனஸ்னு எழுதல, தனம், ருணம்னுதான் எழுதினாரு. சொத்து, கடன். கடனும் கடனும் பெருக்கினா சொத்துன்னு அவர் எழுதி வச்சு 1400 வருஷம் ஆகப்போகுது, உங்க ஜன்னலோரப் பொண்ணு கேள்வி நேரா அவருக்குப் போகுது.

கான்ஃபிடன்ஸ் பத்தி: லெசன் பிளான்ல நோக்கம், துணைக்கருவி, மதிப்பீடுன்னு கட்டம் கட்டி எழுதறீங்கல்ல, ஓரத்துல பென்சில்ல ஒரு கட்டம் சேத்துக்கோங்க, "இங்க எப்படி தப்பு பண்ணுவாங்க". முதல்ல ஒண்ணும் தோணாது. ஒரு மாசம் நோட்டு திருத்தினா நிரம்பி வழியும். எனக்கு பயம் போனது அந்தக் கட்டத்தாலதான்.

52பேர்_ஒருகிளாஸ்:

அக்கா நான் போன வருஷம்தான் முடிச்சேன், திருநெல்வேலி பக்கம். உங்க போஸ்ட படிச்சதும் என் கதைய யாரு எழுதினதுன்னு பாத்தேன் 😄

காலேஜ்ல மைக்ரோ டீச்சிங்னு ஒண்ணு பண்ண வச்சாங்கல்ல, 6 நிமிஷம் எடு, 6 நிமிஷம் ஃபீட்பேக், 12 நிமிஷம் திருப்பி பிளான் பண்ணு, மறுபடி 6, மறுபடி 6. ஸ்டூடண்ட் யாருன்னா நம்ம கூட படிக்கிறவங்கதான். நான் கேட்டா கரெக்டா பதில் சொல்லுவான், "அருமை"ன்னு நான் சொல்லணும், வலுவூட்டல் திறன்னு அதுக்கு ஒரு மார்க். நானும் பெரிய ஆளுன்னு நெனச்சு ஸ்கூலுக்குப் போனா அங்க 52 பேரு, ஒருத்தனும் ஸ்கிரிப்ட் படி பதில் சொல்ல மாட்டேங்கான்.

எனக்கு மாட்டினது பின்னம். 1/2 + 1/3 எவ்வளவுன்னு கேட்டேன், ஒருத்தன் 2/5னான். மேல மேல கூட்டி கீழ கீழ கூட்டிட்டான், எல்லாரும் பண்ற தப்புதான். தப்புன்னு சொல்லிட்டு எல்சிஎம் எடுக்கப் போனேன், அவன் விடல. "சார் இல்ல சார், நேத்து மேட்ச்ல நான் முதல்ல 2 பால் ஆடி 1 ஃபோர் அடிச்சேன், அப்புறம் 3 பால் ஆடி 1 ஃபோர், மொத்தம் 5 பால்ல 2 ஃபோர் சார், 2/5 தான சார்"ங்கான். எனக்கு வாய் அடைச்சு போச்சு அக்கா. ஏன்னா அவன் சொல்றதும் சரிதான! நான் படிச்ச எந்த புக்கிலயும் இதுக்கு பதில் இல்ல. "நாளைக்கு சொல்றேன்டா"ன்னு சொல்லிட்டு பெல் அடிக்க காத்திருந்தேன்.

ராத்திரி முழுக்க யோசிச்சு பாத்தா, அவன் சொல்ற முதல் 1/2 ரெண்டு பால்ல பாதி, அடுத்த 1/3 மூணு பால்ல மூணுல ஒண்ணு. ரெண்டும் வேற வேற முழுசுல இருந்து வருது. நாம கணக்குல கூட்டறது ஒரே முழுசோட துண்டுங்கள. மறுநாள் பெரிய கடலை மிட்டாய் பாளம் ஒண்ணு வாங்கிட்டுப் போனேன், நம்மூருக்கு கோவில்பட்டி பக்கம்தான, அதுல என்ன குறைச்சல். பாளத்துல பாதிய வெட்டி அவன் கையில குடுத்தேன். "இதுக்கு மேல இன்னும் கொஞ்சம் குடுத்தா உன்கிட்ட அரையை விட கூட இருக்குமா, கம்மியா இருக்குமா?" "கூடதான் சார்." "2/5 அரையை விட கூடவா கம்மியா?" அவன் கொஞ்ச நேரம் மிட்டாய பாத்தான், அப்புறம் "அய்யய்யோ கம்மி சார்"னு அவனே சிரிச்சுட்டான். அதுக்கப்புறம் எல்சிஎம்ம அவனே கேட்டான், பாளத்த ஆறு துண்டா போட்டா பாதிக்கு மூணு, மூணுல ஒண்ணுக்கு ரெண்டு, ஆக 5/6. மிட்டாய் எனக்கு ஒரு துண்டு கூட மிஞ்சல.

நான் சொல்ல வர்றது என்னன்னா, "நாளைக்கு சொல்றேன்"ன்னு சொன்ன அன்னைக்கு நான் மானம் போச்சுன்னு நெனச்சேன். மறுநாள் வந்து நிஜமாவே சொன்னதும் பயலுவ என்னைய பாக்கற பார்வையே மாறிட்டு. அதனால ரூல்னு மட்டும் சொல்லாதீங்க, நாளைக்குன்னு சொல்லுங்க. ஆனா நாளைக்கு சொல்லணும், அது முக்கியம்.

கோவை_கணக்கு_டீச்சர்:

எல்லாரும் நல்லா சொல்லியிருக்கீங்க, ஆனா கொஞ்சம் தரைக்கு வாங்க. நான் தனியார் பள்ளியில 9 வருஷமா 10ஆம் வகுப்பு எடுக்கறேங்க. கடலை மிட்டாய் வெட்டிட்டு இருந்தா போர்ஷன் யாரு முடிக்கறது? ஒரு கேள்விக்கு ஒரு பீரியட் போனா அரையாண்டுக்குள்ள பாடம் முடியாது, அப்புறம் எச்.எம் நம்மளைத்தான் கூப்பிடுவாங்க. நான் கேள்வி கேக்கற பிள்ளைங்களுக்கு எதிரி இல்லீங்க, ஆனா நிஜத்த சொல்லோணும்ல.

தங்கச்சி, உங்க பயத்துல பாதி கணக்கு பத்தினது இல்ல, நிக்கறது பத்தினது. அதுக்கு மருந்து சாதாரணமானது. நாளைக்கு எடுக்கற பயிற்சியில இருக்கற அத்தனை கணக்கையும் இன்னைக்கு ராத்திரி பேனாவுல முழுசா போட்டுப் பாருங்க, எளிசுன்னு விட்டுடாதீங்க, எளிசான கணக்குலதான் கால் வழுக்கும். போர்டை மூணா பிரிச்சுக்கோங்க, இடது ஓரம் சூத்திரம், அத பீரியட் முடியற வரைக்கும் அழிக்காதீங்க, நடுவுல கணக்கு, வலது ஓரம் பெருக்கல் வகுத்தல். எழுதும்போது போர்டுக்கு நேரா நிக்காம ஓரமா சாய்ஞ்சு நின்னா பிள்ளைங்க பக்கம் முகம் தானா திரும்பும். சாக்பீஸ் கிறீச்சுன்னா ரெண்டா உடைச்சுக்கோங்க. அப்புறம் பேரு. 46 பேரோட பேரும் ரெண்டு வாரத்துல வாய்ல வரோணும். "ஏய் நீ"ன்னு கூப்பிடற டீச்சருக்கு குரல் எடுபடவே எடுபடாது.

வாய்ப்பாடு மறக்குதுன்னா வெக்கப்படாம 12 முதல் 19 வரைக்கும் காலையில பஸ்ல சொல்லிட்டே போங்க. நான் இன்னும் சொல்றேங்க.

பழைய_கரும்பலகை:

ஓய்வு பெற்ற ஆசிரியன். ஒரு கேள்வி மட்டும் கேட்கிறேன். ஒரு பாடவேளையில் நீங்கள் எத்தனை கேள்வி கேட்கிறீர்கள், அதில் எத்தனைக்கு நீங்களே பதில் சொல்லிவிடுகிறீர்கள்? எண்ணிப் பார்த்ததுண்டா? கைப்பேசியில் உங்கள் குரலைப் பதிவு செய்து வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். பிள்ளைகளைப் படம் எடுக்க வேண்டாம், உங்கள் குரல் போதும்.

பயந்த ஆசிரியருக்கு அமைதி தாங்காது. கேட்டவுடன் பதில் வராவிட்டால் தனக்கே தெரியாதது போல ஆகிவிடும், உடனே தானே சொல்லிவிடுவார். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற அம்மையார் வகுப்பறைகளைப் பதிவு செய்து கேட்டுவிட்டு 1970களில் எழுதினார், ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்களாம். அதை மூன்று விநாடி ஆக்கினாலே பிள்ளைகளின் பதில் நீளமாகிறது, வாய் திறக்காத பிள்ளையும் திறக்கிறது என்றார். உங்கள் பி.எட் பாடத்தில் இது ஒரு வரியாக வந்திருக்கும். வகுப்பில் மூன்று விநாடி என்பது எவ்வளவு நீளம் என்று நின்று பார்த்தால்தான் தெரியும். நான் மனதுக்குள் அரை, கால், அரைக்கால், வீசம் என்று மெதுவாகச் சொல்லிக்கொள்வேன், முடிவதற்குள் ஏதாவது ஒரு கை தூக்கும்.

கோவை அம்மா சொன்ன கரும்பலகை யோசனை மிகச் சரி. போர்ஷன் விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை, ஆனால் அதை இந்த வயதில் வாதாடப் போவதில்லை.

பயிற்சி_டீச்சர்_விழுப்புரம்:

மூணு வாரம் கழிச்சு வரேன், மன்னிச்சுக்கோங்க, ரெக்கார்டு எழுதியே கை போச்சு. என்ன ஆச்சுன்னு சொல்லியே ஆகணும்.

முதல்ல ஐயா சொன்ன மாதிரி ஃபோன டேபிள் டிராயர்ல வச்சு ரெக்கார்டு பண்ணேன். ராத்திரி ஹெட்செட் போட்டு கேட்டேன், பத்து நிமிஷத்துக்கு மேல கேக்க முடியல, நிறுத்தி நிறுத்தி கேட்டேன். ஒரு பீரியட்ல 41 கேள்வி கேட்டிருக்கேன். 33க்கு நானே பதில் சொல்லிட்டேன். அந்த 41ல 19 "புரிஞ்சுதா?" அதுக்கும் நானே "புரிஞ்சுது, சரி"ன்னு சொல்லிக்கறேன் 🤦 அதுக்கப்புறம் புரிஞ்சுதாங்கற வார்த்தையையே விட்டுட்டேன், பதிலா "இத உன் வார்த்தையில சொல்லு"ன்னு கேக்கறேன். மூணு விநாடி நிக்கறது ஆரம்பத்துல கொடுமையா இருந்துச்சு. அரை கால் எனக்கு சரிப்பட்டு வரல, நான் மூணு தடவை மூச்சு விடறேன்.

இப்போ அந்தப் பொண்ணு விஷயம். மறு வாரம் போய், "அன்னைக்கு நீ கேட்டதுக்கு நான் சரியா பதில் சொல்லல, இன்னைக்கு பாக்கலாம்"னு ஆரம்பிச்சேன். சாக்பீஸ் சார் சொன்ன மாதிரி அந்த வரிசைய எழுதிட்டு சாக்பீஸ வச்சிட்டேன். பின்னாடி பெஞ்சுல இருந்துதான் முதல்ல "4 மிஸ்" வந்துச்சு. எனக்கு சந்தோஷம் தாங்கல. அப்போ இந்தப் பொண்ணு எந்திரிக்குது. "மிஸ், அந்த வரிசை அப்படியே போகணும்னு யாரு மிஸ் சொன்னது? பூஜ்யத்துக்கு அப்புறம் மாறிடலாம்ல?"

பழைய நானா இருந்தா அங்கயே அழுதிருப்பேன். ஆனா என்ன ஆச்சுன்னு தெரியல, எனக்கு சிரிப்பு வந்துச்சு, சந்தோஷமான சிரிப்பு. "ஆமால்ல, யாரும் சொல்லல. நாளைக்கு பேசலாம்"னேன். மறுநாள் கிளாஸுக்கு வேணாம்னு சார் சொன்ன அந்த பங்கீட்டுப் பண்பு விளக்கத்தையே எடுத்தேன், சாரி சார். பாதி கிளாஸுக்கு போகல, அது எனக்கே தெரிஞ்சுது. ஆனா இவளும் இன்னும் ரெண்டு பேரும் பிடிச்சுக்கிட்டாங்க, "அப்போ 12 இல்லன்னா பழைய கணக்கு தப்பாயிடும் மிஸ்"னு அவளே சொன்னா. மத்தவங்களுக்கு தள்ளுபடிதான் எடுபட்டுச்சு, ஒருத்தன் "எங்க ஆயா நகை திரும்பி வந்துச்சு மிஸ்"னு சொல்லி கிளாஸே அதைப் பத்தி பேச ஆரம்பிச்சு அஞ்சு நிமிஷம் போச்சு, கோவை அக்கா மன்னிக்கணும். பிரம்மகுப்தர் கதைக்கு அந்தப் பொண்ணு ஒண்ணும் சொல்லல, நோட்டுல 628னு எழுதி கட்டம் கட்டிக்கிச்சு.

9ஆம் வகுப்பு அவ்வளவு ஈசியா இல்ல. (ஏ + பி)² எடுத்த முதல் நாள் முழு ஃபிளாப். சூத்திரத்த ஒப்பிப்பாங்க, கணக்குன்னு வந்தா ஏ² + பி² எழுதிட்டு போயிடுவாங்க, நடுவுல இருக்கற 2ஏபி காணாம போயிடும். ஒரு கிளாஸ் முழுக்க கத்தி தொண்டை கட்டினதுதான் மிச்சம். மறுநாள் பென்சில் கட்டத்துல அதத்தான் எழுதிட்டு போனேன். 12 அடிக்கு 12 அடி ரூம் ஒண்ணு வரைஞ்சு, பக்கத்த 10ன்னும் 2ன்னும் பிரிச்சு, "டைல்ஸ் எத்தனை சதுர அடி வேணும்"னேன். 100 கூட 4, 104ன்னாங்க. பன்னிரண்டும் பன்னிரண்டும் பெருக்குடான்னா 144. நாப்பது எங்க போச்சு? நான் வாய தொறக்கல, மூச்சு எண்ணிக்கிட்டு நிக்கறேன். ஒரு பையன், எப்பவும் லீவு போடறவன், அப்பா கொத்தனார், லீவுல கூட வேலைக்கு போவானாம், நேரா போர்டுக்கு வந்து "மிஸ் பெரிய கட்டத்துக்கும் மூலைக்கும் மட்டும் போட்டா இந்த ரெண்டு பட்டையும் மண்ணாதான் கிடக்கும், வீட்டுக்காரர் விடுவாரா"ன்னு பத்துக்கு ரெண்டு பட்டை ரெண்டையும் கையால தேய்ச்சு காட்டினான். இருபதும் இருபதும் நாப்பது. இப்போ யாராவது நடு உறுப்ப விட்டா கிளாஸ்ல "பட்டை மண்ணா கிடக்கு"ன்னு கத்தறாங்க.

கடைசி பெஞ்சு இன்னும் என் பேச்ச கேக்கறதில்ல, அது வேற கதை. பேரு 46ல 40 வந்துடுச்சு. கைடு டீச்சர் போன வாரம் ரெக்கார்டுல "முன்னேற்றம் உண்டு, பாடவேளை நேரத்தைக் கவனிக்கவும்"னு எழுதினாங்க. அம்மா இன்னும் பேங்க் எக்ஸாம் புக்க ஷோகேஸ்ல வச்சிருக்காங்க, நானும் எடுக்கச் சொல்லல.

இப்போ உடனே உதவி வேணும். அதே பொண்ணு இன்னைக்கு வராண்டாவுல நிறுத்தி "மிஸ், எதையும் 0ஆல வகுக்கக் கூடாதுன்னு புக்ல போட்டிருக்கு, ஏன் மிஸ், வகுத்தா என்ன ஆகும்?"னு கேட்டுட்டா. நாளைக்குன்னு சொல்லிட்டேன். 6 ÷ 0 = ஏதோ ஒண்ணுன்னா அத 0ஆல பெருக்கினா 6 வரணும், வராது, அதனால பதில் இல்லன்னு எனக்கு தெரியும். ஆனா இவளுக்கு அது போதாது, வேற ஏதாவது கண்ணுக்கு தெரியற மாதிரி வேணும். நாளைக்கு மூணாவது பீரியட்.

தூள்_சாக்பீஸ்:

சாரி எதுக்கு, கிளாஸுக்கு வேணாம்னு நான் சொன்னதுதான் தப்பு. "வரிசை அப்படியே போகணும்னு யாரு சொன்னது"ன்னு என்கிட்ட 14 வருஷத்துல ஒரு பிள்ளை கூட கேட்டதில்லம்மா, கொஞ்சம் பொறாமையாதான் இருக்கு.

0க்கு இத செய்யுங்க. வகுத்தல்னா திரும்பத் திரும்ப எடுக்கறதுன்னு முதல்ல ஞாபகப்படுத்துங்க. டேபிள்ல 6 புளியங்கொட்டை வச்சு, ரெண்டு ரெண்டா எடுத்தா மூணு தடவையில தீந்துடும், அதனால 6 ÷ 2 = 3. ஒண்ணு ஒண்ணா எடுத்தா ஆறு தடவை. இப்போ அவளையே கூப்பிட்டு பூஜ்யம் பூஜ்யமா எடுக்கச் சொல்லுங்க, ஒவ்வொரு தடவையும் வெறுங்கைய நீட்டி எடுத்து எண்ணட்டும், கொட்டை தீர்ந்ததும் எத்தனை தடவைன்னு போர்டுல எழுதச் சொல்லுங்க.

52பேர்_ஒருகிளாஸ்:

பெல் அடிச்சாலும் நிறுத்த மாட்டா அக்கா, அந்தப் பொண்ணு. நாலாவது பீரியட் யாருதுன்னு பாத்து முன்னாடியே சொல்லி வச்சிடுங்க 😄